திருத்தி வாசித்த பன்னிரண்டு வாக்கியங்கள்

பிப்ரவரி 4

அன்பு மகனுக்கு,

நீ போய் இருபத்து மூன்று நாளாகிறது. ஒன்பது முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒன்பது முறையும் ஆஸ்பத்திரி அலுவலகப் பெண், "அவர் சிகிச்சைல இருக்கார்மா" என்றாள். காலை பத்துக்கும் சிகிச்சை, மாலை ஐந்துக்கும் சிகிச்சை, ஞாயிற்றுக்கிழமையும் சிகிச்சை. முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவளிடம் இந்தச் சாக்கு எடுபடுமா? ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம் என்று கையை ஆட்டுவது எனக்குக் கம்பி வழியாகவே தெரியும்.

பேச விருப்பமில்லையென்றால் எழுது. பத்தொன்பது வருடமாக உன் காதில் கேட்கும் அந்தப் பேச்சை எந்த மாத்திரையும் அடக்கவில்லை, தலைமேல் மின்சாரம் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒப்புதல் தாளில் நீ கையெழுத்துப் போட்டாய், சாட்சியாக நான் போட்டேன். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சாட்சிக்கு உரிமை உண்டு.

மனச்சிதைவு என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்வதில்லை. கீழ்வீட்டுக் கண்டக்டர் கேட்டார். நரம்புக்கு வைத்தியம் என்றேன். "எனக்கும் முழங்கால்ல நரம்பு இழுக்குதும்மா, நானும் போய்ப் படுத்துக்கட்டுமா?" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து வருடமாகியும் அந்த மனிதருக்கு வாய் ஓயவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அவன் தேய்த்த லென்ஸைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வரிகள் இடது ஓரத்தில் வளைகின்றன. நீ இருந்தால் இப்படி ஒன்றைக் கடைக்கு வெளியே விட்டிருக்க மாட்டாய்.

பதில் எழுது, மிளகு. ஒரு பக்கமாவது எழுது.

அம்மா


பிப்ரவரி 12

அம்மாவுக்கு,

தொலைபேசிக்கு வராததற்கு மன்னியுங்கள். எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள். ஒன்று நெற்றிக்கு மேலே, ஒன்று இடது காதுக்குப் பின்னால். ரப்பர் பட்டையால் கட்டி இருபது நிமிடம் மின்சாரம் விடுவார்கள். பயப்படாதீர்கள். எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிவிடும். இதைக் கவனிக்கிற அம்மாளை எல்லோரும் மெஷின் அக்கா என்கிறோம். "அசையாதீங்க, அசைஞ்சா உங்க மூளை பக்கத்து பெட்காரருக்குப் போயிடும்" என்பார்.

எட்டாம் நாள் பேச்சு நின்றது.

நான்கு நாள் நின்றது, அம்மா. சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு குழாய் சொட்டுகிறது. இங்கே வந்ததிலிருந்து அது சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. தட்டை வைத்துவிட்டு அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது பேச்சு திரும்பி வந்தது. எங்கேயும் போகாததுபோல, விட்ட வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கியது.

அடுத்தது வேறு முறை. சுரங்கம் போன்ற ஒரு பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். காதில் ஒரு குரலை ஓட விடுவார்கள். பேச்சு கேட்டால் மூளையில் ஓரிடம் விழித்துக்கொள்ளுமாம். அது எவ்வளவு விழித்திருக்கிறது என்பதை எனக்கு முன்னால் ஒரு லிஃப்ட் படமாகக் காட்டுவார்கள். விழித்தால் லிஃப்ட் பத்தாம் மாடிக்கு ஏறும். அடங்கினால் இறங்கும். எப்படி என்று யாரும் சொல்லித்தர முடியாதாம். நானே தேடிக் கண்டுபிடித்து, குரல் பேசப் பேசவே, அதைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஓட விடும் குரல், எனக்குக் கேட்கிற வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். பெண் குரல் வேண்டும். உங்கள் குரல் தெளிவானது. அதனால் பன்னிரண்டு வாக்கியங்களைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். தாளை டாக்டர் பார்க்க மாட்டார். அது நோயாளிக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் இருக்கட்டும் என்பது இங்கே வழக்கம்.

எழுதியிருப்பதை எழுதியபடியே வாசியுங்கள். வேறு ஒன்றும் கேட்காதீர்கள்.

மிளகு


பிப்ரவரி 19

அன்பு மகனுக்கு,

உன் தாளைப் படித்தேன். இரண்டு முறை கை கழுவினேன்.

"எழுந்து என்ன கிழிக்கப்போகிறாய்." "தின்னாதே, அதில் என்ன கலந்திருக்கிறது தெரியுமா." "மாடிக்குப் போ, கைப்பிடிச் சுவர் தாழ்வுதான்." இவை ஒரு குடும்பத்துக்குள் புழங்கும் சொற்களா? எந்தத் தெருவில் பொறுக்கியது உன் மூளை? கான்வென்டில் எனக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, அசிங்கமான சொல்லைக் காதால் கேட்டதற்கே எங்களை முழங்காலில் நிறுத்துவார். ஏழாவது வாக்கியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பதிவு செய்து அனுப்பிவிட்டேன். கண்டக்டரின் கைபேசியில் செய்தேன். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அவரை வெளியே அனுப்பிவிட்டு வாசித்தேன். குரலில் ஒரு நடுக்கம் இருக்காது, கேட்டுப் பார்.

உன்னிடம் மறைப்பதற்கில்லை. வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன். தொலைபேசி நிலையத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. யாராவது யாருக்காவது கெட்ட வார்த்தையில் செய்தி சொல்லச் சொன்னால், அதை அப்படியே கடத்தக் கூடாது. "உடனே வரவும்" என்று மாற்றிச் சொல்லிவிட்டு அடுத்த இணைப்புக்குப் போய்விட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் என் கம்பி வழியாக ஒரு வசவு போனதில்லை. உனக்காகவும் போகாது. முதலாவதை, "எழுந்திரு, விடிந்து நேரமாகிறது" என்று வாசித்தேன். இரண்டாவது, "சாப்பிட்டாயா?" ஏழாவது, "அப்பாவுக்கு உன்மேல் உயிர்." பன்னிரண்டாவது, "படியில் பார்த்து இறங்கு." எண்ணிக்கை பன்னிரண்டுதான். குரல்தானே தேவை? குரல் என்னுடையது, அதில் குறை சொல்ல முடியாது.

அந்த லிஃப்டைப் பற்றி எழுது.

அம்மா


மார்ச் 13

அம்மாவுக்கு,

லிஃப்ட் இறங்கவில்லை.

ஆறு முறை உள்ளே போய்விட்டேன். இயந்திரம் தகரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் போடும். அதற்கு நடுவில் காதுக்குள் உங்கள் குரல். லிஃப்ட் பத்தாம் மாடிக்குப் போய் அங்கேயே நிற்கும். மெஷின் அக்கா ஒலிபெருக்கியில், "என்னங்க, மொட்டை மாடியிலேயே பாய் விரிச்சுப் படுத்துட்டீங்களா? இறங்கி வாங்க" என்கிறார். மற்றவர்கள் எல்லோரும் ஐந்து, நான்கு என்று இறங்கிவிட்டார்கள்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று ஒன்பது நாள் யோசித்தேன்.

ஒன்று. பெண் குரல் வேண்டும் என்று எழுதினேனே, அது முழு உண்மையில்லை. டாக்டர் கேட்டது, எனக்குக் கேட்கிற குரல் யாருடையதோ அவருடைய குரலை. அது உங்களுடையது. பத்தொன்பது வருடமாக உங்களுடையதுதான். அதே தெளிவு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அதே சின்ன இடைவெளி. கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும், நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதும் அது பேசும். உங்கள் உதடு அசையாது, குரல் பேசும். அதனால்தான் நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதையில்லாமல் முறைக்கிறேன் என்று நீங்கள் திட்டுவீர்கள். அதனால்தான் தொலைபேசிக்கும் வரவில்லை. உதட்டைப் பார்க்காமல், இது அதுவா நீங்களா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு. நீங்கள் வாக்கியங்களை மாற்றிவிட்டீர்கள் என்று நான் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குரலில் எனக்கு யாரும் "சாப்பிட்டாயா" என்று கேட்டதில்லை, அம்மா. வீட்டில் தட்டை வைத்துவிட்டு, "ஆறுகிறது" என்பீர்கள். நான் இறக்க முயற்சி செய்யவே இல்லை. சுரங்கத்துக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதத்துக்குள் ஐந்தாம் மாடிக்காவது வராவிட்டால் இந்த ஆராய்ச்சியிலிருந்து என்னை நீக்கிவிடுவார்களாம்.

மிளகு


மார்ச் 18

மகனுக்கு,

என் குரலா?

உன் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு நாள் சமையலறையைத் தேய்த்துக் கழுவினேன். உன் அப்பா போன பிறகு உன்னை எத்தனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன்? உன் மாத்திரைகளை ஏழு டப்பாக்களில் பிரித்து வைத்தது யார்? மூன்று நாள் குளிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யார்? இவ்வளவும் செய்தவளின் குரலைத்தானா உன் மூளை அந்த வசவுகளுக்கு வாடகைக்கு எடுத்தது? அதுவும் ஒரு வாடகைச் சீட்டுகூட எனக்குக் காட்டாமல், பத்தொன்பது வருடம்!

இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? கண்டக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு, "அம்மா, எனக்கு இன்னிக்கும் எங்க டிப்போ மேனேஜர் குரல் கனவுல வருது. அவர் செத்து எட்டு வருஷம் ஆச்சு" என்றார். ஆறுதலாம்.

சரி. டாக்டர் சொன்னதைச் செய். குரல் என்னுடையது என்றால், அதை அடக்கு. எனக்கு வருத்தம் என்று நினைத்துத் தயங்காதே. நான் சொல்கிறேன், இறக்கு. தரைத்தளம் வரை இறக்கு. ஒரு வேலையைத் தொடங்கிப் பாதியில் விட்டு நீக்கப்பட்டவன் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

டாக்டரிடம் வாக்கியங்களைப் பற்றி இப்போது போய்ச் சொல்ல வேண்டாம். அது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

அம்மா


ஏப்ரல் 21

அம்மாவுக்கு,

இறக்கிவிட்டேன்.

எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. லென்ஸைச் சக்கரத்தில் வைக்கும்போது கையில் ஓர் அழுத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத மேடு அதில் தேய்ந்து போகும். அதுபோல ஒன்று. நீங்கள் "எழுந்திரு, விடிந்து நேரமாகிறது" என்று சொல்லும்போது அந்த அழுத்தத்தைக் கொடுத்தேன். ஒன்பது. "சாப்பிட்டாயா" வரும்போது கொடுத்தேன். ஏழு. இரண்டு வாரத்தில் தரைத்தளம். மெஷின் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார். "கதவு திறந்துடுச்சு, வெளிய வாங்க!" என்றார். இந்தக் குழுவில் தரைத்தளம் தொட்டது நான் ஒருவன்தான். டாக்டர் என் படங்களை வேறு டாக்டர்களுக்குக் காட்டினார்.

அந்தப் பேச்சு நிற்கவில்லை.

பழைய பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு சொல் குறையவில்லை. நான் அவற்றின்மேல் கை வைக்கவே இல்லையே. தேய்ந்தது நீங்கள் வாசித்து அனுப்பியவை.

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிட்டேன். டாக்டரின் எதிரில் தைரியமாகக் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்தீர்கள். பேசினீர்கள். எனக்கு மின்விசிறி ஓடுவதுபோல் கேட்டது. நல்ல இணைப்புதான், பின்னால் கண்டக்டர் இருமியதுகூடத் தெளிவாகக் கேட்டது. உங்கள் குரல் இருக்கிறது, அதில் சொற்கள் இல்லை. பதறிப்போய் வைத்துவிட்டேன். வைத்ததும், அதே குரல், தெளிவாக, இடைவெளி விட்டு, ஏழாவது வாக்கியத்தைச் சொன்னது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெகு நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மிளகு


ஏப்ரல் 27

அன்பு மகனே,

நீ ஆறு முறை "ஹலோ, ஹலோ" என்றாய். இணைப்பு கெட்டுப்போன சந்தாதாரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்லிக்கொண்டிருந்தது, "சாப்பிட்டாயா, மிளகு" என்பதுதான். உன் கடிதத்துக்குப் பிறகு கேட்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

பிழை என்னுடையது. இப்படி ஒரு வரியை நான் எழுதுவது இதுவே முதல் முறை. முதலில் வாக்கியங்களைத் திருத்தினேன். பிறகு, அதை டாக்டரிடம் சொல்லாதே என்று உனக்கு எழுதினேன். அதுவும் என்னுடையது.

இன்று காலை மறுபடியும் கண்டக்டரின் கைபேசியை வாங்கினேன். உன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியபடியே வாசித்தேன். முதலிலிருந்து வாசித்தேன். ஒன்றையும் மாற்றவில்லை. கண்டக்டரை வெளியே அனுப்ப மறந்துவிட்டேன். மூன்றாவதிலேயே அவர் எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டாவதை முடித்துவிட்டு, அந்தக் கைப்பிடிச் சுவர் எந்த மாடியுடையது என்று உன்னிடம் நான் கேட்கவே இல்லையே என்று நினைத்தேன்.

ஏழாவதைப் பற்றி. "உன்னைப் பார்த்துப் பார்த்தேதான் உன் அப்பா போய்ச் சேர்ந்தார்." அதைப் படித்த அன்று, எந்தத் தெருவில் பொறுக்கினாய் என்று கேட்டேன். தெருவில் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பொறுக்கினாய். உனக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படி கீழே நின்றிருந்தாய். நான் சொன்னேன். ஒரே முறை சொன்னேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதனால் உனக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மற்ற பதினொன்றும் உன் நோய் எழுதியது. அது ஒன்று நான் எழுதியது. தாளைப் பார்த்தவுடனே எனக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எழுதினேன்.

அவருக்கு இதயம் பெரிதாகிவிட்டிருந்தது, பத்து வருடமாகவே. உன்னால் இல்லை.

புதுப் பதிவை டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். நடந்ததை விவரித்துத் தனிக் கடிதமும் வைத்திருக்கிறேன். உன்னை மறுபடி இயந்திரத்துக்குள் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். இந்த முறை சரியானதை இறக்கு.

அம்மா


மே 16

அம்மா,

இயந்திரம் இனி எங்களுக்கு இல்லை. ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அந்த நேரத்தை வேறு நோயாளிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். டாக்டர் உங்கள் புதுப் பதிவை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "எப்போதாவது மறுபடி தொடங்கினால்" என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். தொடங்க மாட்டார்கள். ஸ்பாஞ்சு வைத்தியத்தை இன்னொரு முறை வேண்டுமானால் செய்யலாமாம். நான்கு நாளுக்காக. அறிக்கையில் என்னை "பலன் கண்டவர்" என்று எழுதியிருக்கிறார்கள். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்ததல்லவா.

மெஷின் அக்கா போகும்போது என் கையைப் பிடித்து, "நான் கைதட்டினது தப்புங்க" என்றார். அவர் மேல் என்ன தப்பு.

என்னை இங்கேயே நீண்ட நாள் விடுதிக்கு மாற்றுகிறார்கள். தரைத்தளம்தான், நானே கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வரவில்லை. எதிரில் உட்கார்ந்து உங்கள் உதடு அசைவதைப் பார்ப்பேன், மின்விசிறி கேட்கும். நீங்கள் வாயை மூடியதும் அது தொடங்கும். அதை என்னால் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் குரல் இல்லை என்று இவ்வளவு நாள் நிம்மதியாக இருந்தேன். இப்போது உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அது வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சாய்வும் நேர்க்கோடும் கண்ணில் பட்டதும், அது உங்கள் கடிதத்தை விட்டுவிட்டுத் தன்னுடையதை வாசிக்கிறது. ஏப்ரல் கடிதத்தைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். அப்பாவின் இதயத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியை முடிக்க முடியவில்லை.

உங்கள் கையால் இனி எழுதாதீர்கள்.

மிளகு


மே 24

தம்பிக்கு,

நான் கீழ்வீட்டுக் கண்டக்டர். உங்க அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க. இத்தனை வருஷம் ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டே எழுதின கை.

அம்மா முதல்ல நல்லா இலக்கணமா சொன்னாங்க. ரெண்டு வரி எழுதினேன். அப்புறம் நிறுத்திட்டு, "வேண்டாம், அது என் மாதிரி இருக்கு, கிழிச்சுடுங்க, நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே எழுதுங்க" அப்படின்னாங்க. நான் எழுதினதைத் திருத்தவும் இல்லை. பேனாவைக் கையில எடுத்தாங்க, ஒரு தடவை. அப்புறம் வச்சுட்டாங்க.

உங்க அப்பாவுக்கு இதயம் பெரிசாயிருந்துச்சாம், பத்து வருஷமா. உங்களால இல்லையாம். இதை ரெண்டு தடவை எழுதச் சொன்னாங்க. உங்களால இல்லை.

கண்ணாடியை மாத்தலையாம். வரி வளைஞ்சாலும் பரவாயில்லையாம், இனிமே எழுத வேண்டியது ஒன்னும் இல்லையாம்.

டாக்டர் இழுப்பறையில இருக்கிற அந்தப் பதிவை அழிச்சுடச் சொல்லிக் கேட்டிருக்காங்க. என் போன்ல இருந்ததையும் நேத்தே அழிக்கச் சொன்னாங்க. அழிச்சுட்டேன். நல்லவேளை, எனக்கும் அது இருந்தா தூக்கம் வராது. ஆனா அந்த முதல் பதிவு இருக்கு பாருங்க, நல்லா இருக்கிறது, அதை அழிக்க விடலை. யாருக்குன்னு கேட்டேன். போனைக் கையில வாங்கி, அது அழிஞ்சுடலையேன்னு பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாங்க.

தம்பி, இதைப் படிக்கும்போது என் குரல்ல படிங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, கரகரன்னு இருக்கும். "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத"ன்னு கத்தியே போன குரல். அதுல எந்தப் பேயும் வந்து உக்கார முடியாது. உக்காந்தா டிக்கெட் கேப்பேன்.

வாரம் ஒன்னு இப்படி எழுதலாம்னு இருக்கோம். நீங்க படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி.

சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றாங்க. இல்லை இல்லை, அவங்க சொன்னாங்கன்னு எழுத வேணாமாம். நானே கேக்கற மாதிரி எழுதணுமாம்.

சாப்பிட்டியா, தம்பி?

அடியில உங்க பேர் போடட்டுமாம்மான்னு கேட்டேன். எதிர்ல உக்காந்திருக்காங்க, ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு. "உங்க பேரையே போடுங்க"ன்னாங்க.

கண்டக்டர்